நம்பாத வாசகருக்கு ஒரு முகவரி

ஆய்விதழுக்கு ஒரு கட்டுரையை அனுப்பும்போது எல்லாவற்றுக்கும் கடைசியில், எழுதுபவர் களைத்துப்போன நேரத்தில் கைவைக்கப்படுவது துணைநூற்பட்டியல். வாதம் முடிந்திருக்கும். நெறியாளரும் தலையசைத்திருப்பார். ‘இனி ரெஃபரன்ஸை மட்டும் ஏபிஏவுக்கு மாத்திட்டா அனுப்பிடலாம்’ என்ற பேச்சை ஆய்வு மாணவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். பிறருடைய ஆய்வுக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்திக் கொடுப்பது என் வேலை. கட்டுரை கைக்கு வந்ததும் பின்னாலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். எழுதியவர் எந்த நூலகத்தில் உட்கார்ந்தார், எந்தப் பதிப்பைப் புரட்டினார், மூலத்தைத் திறந்தாரா அல்லது இன்னொருவர் பட்டியலிலிருந்து வரியை எடுத்துக்கொண்டாரா, இதே பொருளில் யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ எழுதியவர்களைத் தேடினாரா என்பதெல்லாம் அந்தக் கடைசிப் பக்கங்களில் தெரிந்துவிடும். முன்னுரையில் மறைக்க முடிந்ததை அங்கே மறைக்க முடியாது.

சான்றுக்குறிப்பை யாருக்காக எழுதுகிறோம்? நம்மை நம்புகிறவருக்கு அது தேவையே இல்லை. நாம் சொன்னதைக் கேட்டு, ‘எங்கே இருக்கிறது, காட்டு’ என்று கேட்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக எழுதுகிறோம். அவர் வேறு நாட்டில் இருக்கலாம். நாம் போய்ச் சேர்ந்த பிறகு பிறக்கலாம். அவருக்கு நாம் விட்டுச்செல்லும் முகவரிதான் அந்த ஒற்றை வரி. யார் சொன்னது, எப்போது, எதில், எந்தப் பக்கத்தில் என்ற நான்கும் சரியாக இருந்தால் அவர் நம்மிடம் வராமலே அந்த இடத்துக்குப் போய்விடுவார். நாம் சொன்னது பொய் என்றால் பொய் என்று அங்கேயே கண்டுகொள்வார். தன்னை மறுப்பதற்கான வழியைத் தானே திறந்துவைக்கும் எழுத்து வகைகள் உலகில் அதிகம் இல்லை. இந்தப் பட்டியல்மீது எனக்குள்ள மதிப்பு முழுவதும் இதிலிருந்து வருவது.

இதற்கென்று இன்று இருக்கும் பாணிகளை ஏதோ அநாதிகாலத்து விதிகள் போல மாணவர்கள் பார்க்கிறார்கள். எல்லாமே அண்மைக் காலத்தவை, ஏதோ ஒரு நடைமுறைத் தேவைக்காக யாரோ உட்கார்ந்து உருவாக்கியவை. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கத்தை ஹார்வர்டு பாணி என்கிறோம். அதை முதலில் கையாண்டவராகக் கருதப்படுபவர் ஹார்வர்டின் விலங்கியல் பேராசிரியர் எட்வர்டு லாரன்ஸ் மார்க். 1881-இல், ஓடில்லாத நத்தை ஒன்றின் முட்டை எப்படி வளர்கிறது என்று அவர் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. சிகாகோப் பல்கலைக்கழக அச்சகத்தின் கையேடு 1906-இல் வந்தது. அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் பாணியான ஏபிஏ, 1929-இல் ஓர் ஆய்விதழில் ஏழு பக்கக் கட்டுரையாகத்தான் பிறந்தது. 2019-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பு 400 பக்கத்துக்கும் மேல். மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, எண்களால் சான்று காட்டும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். அதற்கு அந்த ஊரின் பெயரே நின்றுவிட்டது.

ஸோட்டெரோ போன்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் பாணித் தொகுப்பில் இன்று 10,000-க்கும் மேற்பட்ட பாணிகள் இருக்கின்றன. ஓர் இதழ் ஆண்டுக்குப் பின் முற்றுப்புள்ளி கேட்கும், இன்னொன்று காற்புள்ளி கேட்கும். ஒன்றில் நூல் தலைப்பு சாய்வெழுத்தில் வரவேண்டும், ஒன்றில் கட்டுரைத் தலைப்பே வேண்டாம். ஓர் இதழ் மறுத்த கட்டுரையை அடுத்த இதழுக்கு அனுப்ப, ஆய்வாளர் ஒரு வாரத்தை இந்தப் புள்ளிகளில் செலவழிக்கிறார். இது வீண் என்று நினைக்கிறேன். முதல் முறை அனுப்பும்போது பாணி எதுவாக இருந்தாலும் சரி, ஒரே சீராக இருந்தால் போதும் என்று சில பதிப்பகங்கள் இப்போது சொல்வது நியாயமான காரியம். புள்ளி வைக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிடலாம். அதோடு சேர்த்து மற்ற வேலையையும் விட்டுவிடுவதுதான் நடக்கிறது.

அந்த மற்ற வேலை, மூலத்தைத் திறந்து பார்ப்பது. அது எவ்வளவு அரிதாக நடக்கிறது என்று காட்டியவர்கள் மிகைல் சிம்கின், வ்வானி ராய்சௌதுரி என்ற இருவர். 1973-இல் கோஸ்டர்லிட்ஸும் தௌலஸும் எழுதிய புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைச் சுமார் 4,300 கட்டுரைகள் சான்று காட்டியிருந்தன. அவற்றில் 196 இடங்களில் தொகுதி எண்ணோ ஆண்டோ பக்கமோ பிழையாக அச்சாகியிருந்தது. ஆனால் வெவ்வேறு வகையான பிழைகள் 45 மட்டுமே. ஒரே ஒரு தவறான பக்க எண் 78 கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வந்தது. ஒரே பிழையை 78 பேர் தனித்தனியே செய்ய வாய்ப்பில்லை. ஒருவர் செய்தார், மற்றவர்கள் அவர் பட்டியலைப் பார்த்து எழுதினார்கள். இதிலிருந்து கணக்கிட்டு, சான்று காட்டுபவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று 2003-இல் அவர்கள் எழுதினார்கள். அந்த விகிதத்தோடு சண்டை போடலாம். 78 என்ற எண்ணோடு போட முடியாது.

இதைவிட விசித்திரமான ஒன்றும் உண்டு. எல்செவியர் பதிப்பகம், கட்டுரையாளர்களுக்கான வழிகாட்டியில், பட்டியலை எப்படி அமைப்பது என்று காட்டுவதற்காக ஒரு கற்பனைக் கட்டுரையை உதாரணமாகக் கொடுத்திருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்பது போன்ற தலைப்பு, மூன்று ஆசிரியர்கள், 2000-ஆம் ஆண்டு, தொகுதி எண், பக்க எண் எல்லாம் அதற்கு உண்டு. அப்படியொரு கட்டுரை எழுதப்படவே இல்லை. ஆனாலும் ஏறக்குறைய 400 ஆய்வுக் கட்டுரைகள் அதைச் சான்றாகக் காட்டியிருக்கின்றன என்று ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் 2017-இல் எடுத்துக்காட்டினார். மாதிரிப் படிவத்தில் இருந்த வரியை நீக்காமல் விட்டவர்கள் சிலராக இருக்கலாம். நிஜம் என்றே நம்பி எடுத்துப் போட்டவர்களும் இருக்கலாம். அத்தனை கட்டுரைகளையும் மதிப்பீட்டாளர்கள் படித்திருக்கிறார்கள், பதிப்பாசிரியர்கள் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். வரி சரியான வடிவத்தில் இருந்தது. அது யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

இவையெல்லாம் அறிஞர்களின் உள்வீட்டு விவகாரம், இதனால் யாருக்கு என்ன கெட்டது என்று கேட்பவர்களுக்கு 1980-ஆம் ஆண்டின் ஒரு கடிதத்தைச் சொல்லவேண்டும். அந்த வருடம் ஜனவரி 10-ஆம் தேதி, நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. மொத்தம் ஐந்து வாக்கியங்கள். பாஸ்டனில் இருந்த ஒரு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் பதிவுகளைப் பார்த்ததில், மருத்துவமனையில் இருந்தபோது ஓபியம் வகை வலிநீக்கி ஒருமுறையாவது தரப்பட்ட 11,882 நோயாளிகளில் நான்கு பேர் மட்டுமே அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்பது அதன் சாரம். அவர்கள் மருத்துவமனைப் படுக்கையில், செவிலியர் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டுக்குப் போனபின் என்ன ஆனது என்று அந்தக் கடிதம் பேசவில்லை. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கும் நாட்பட்ட வலிக்காரர்களைப் பற்றியும் பேசவில்லை. எழுதியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தாங்கள் கண்ட சிறிய விஷயத்தைச் சிறிய அளவிலேயே சொன்னார்கள்.

பிறகு அதைச் சான்று காட்டத் தொடங்கினார்கள். 1996-இல் ஆக்ஸிகாண்டின் என்ற மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்த காலத்தில் அந்த ஐந்து வாக்கியக் கடிதம், வலிநீக்கிகளால் அடிமைத்தனம் வருவது அபூர்வம் என்பதற்கான பெரிய ஆய்வாக வளர்ந்துவிட்டிருந்தது. 2017-இல் அதே இதழில் கனடா ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்தக் கடிதம் 608 முறை சான்று காட்டப்பட்டிருக்கிறது. 439 கட்டுரைகள், அதாவது 72 சதவீதத்துக்கும் மேல், அடிமையாவது அரிது என்பதற்கு அதை ஆதாரமாக எடுத்திருந்தன. 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே குறிப்பிடவில்லை. அமெரிக்காவில் ஓபியம் வகை மருந்துகளால் இறந்தவர்கள் இலட்சக்கணக்கில். அதற்குப் பேராசை, விற்பனைத் தந்திரம், அரசின் மெத்தனம் எனப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் மருந்துச் சீட்டு எழுதிய மருத்துவர் பலருக்குத் தைரியம் கொடுத்தவற்றில் இந்த ஒற்றை வரியும் உண்டு. 608 பட்டியல்களிலும் அந்த வரி பெரும்பாலும் சரியாகவே அச்சாகியிருந்திருக்கும்: இதழின் பெயர், தொகுதி, 123 என்ற பக்க எண். அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் ஐந்து வாக்கியம் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இப்போது அந்தக் கடிதத்தின் தலையில் இதழாசிரியர்களின் எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று இருக்கிறது.

இந்தக் கதையை வகுப்பில் சொன்ன பிறகு ஒரு மாணவி கேட்டார்: ‘நம்ம பழைய உரையாசிரியர்கள் எல்லாம் எங்கிருந்து எடுத்தோம்னு சொல்லாமலேதானே எழுதினாங்க?’ நல்ல கேள்வி. தொல்காப்பியரே பல நூற்பாக்களில் முன்னோர் இப்படிச் சொல்வர் என்று முடிக்கிறார். அந்த முன்னோர் யார் என்று நமக்குத் தெரியாது. நச்சினார்க்கினியர் ஒரு செய்யுளைக் காட்டுவார், பிறரும் இவ்வாறு சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்வார். நூலின் பெயர் பல இடங்களில் வராது. அதைக் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. அவர் எழுதிய சபையில் இருந்தவர்கள் அந்தச் செய்யுளை மனப்பாடமாக அறிந்தவர்கள். முதல் அடியைக் கேட்டதும் அது எந்தத் தொகையில் உள்ளது என்று சொல்லக்கூடியவர்கள். எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே நினைவைப் பகிர்ந்துகொண்ட இடத்தில் முகவரி தேவைப்படவில்லை.

அந்த நினைவு அறுந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பிக்க உட்கார்ந்த உ.வே. சாமிநாதையர், உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் தவித்ததைத் தன் வரலாற்றில் விரிவாகச் சொல்கிறார். மேற்கோளின் மூலத்தைத் தேடிப் போய்த்தான் அவர் சங்க நூல்களின் சுவடிகளுக்குள் புகுந்தார். சிந்தாமணி 1887-இல் வந்தது, பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல். தமிழின் மிகப் பெரிய கண்டெடுப்புகளில் ஒன்று, விடுபட்ட சான்றுக்குறிப்புகளை நிரப்பும் முயற்சியாகவும் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அவர் பதிப்புகளில் முகவரி விடுபடுவதில்லை. எந்த ஊரில் யார் வீட்டிலிருந்து எந்தச் சுவடி கிடைத்தது என்று முகவுரையில் எழுதுவார். மேற்கோள் நூல்களுக்கும் அருஞ்சொற்களுக்கும் அகராதி வைப்பார். அடுத்து வருபவர் தன்னைப் போலத் தவிக்கக்கூடாது என்ற அக்கறை அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

மேற்கோளுக்கு இன்னொரு பலமும் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக இன்று இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் சில பாடல்கள், உரையாசிரியர்களும் தொகுப்பாளர்களும் எடுத்துக்காட்டியதால் தப்பியவை. தகடூர் யாத்திரையும் அப்படித்தான். முத்தொள்ளாயிரத்தின் நூற்றுச்சொச்சம் வெண்பாக்களைப் புறத்திரட்டு காப்பாற்றிக் கொடுத்தது. மயிலை சீனி. வேங்கடசாமி, மறைந்துபோன தமிழ் நூல்களுக்கென்று ஒரு தனி நூலே எழுதினார். அவருக்குக் கிடைத்த தடயங்களில் பெரும்பகுதி பிறர் எடுத்தாண்ட மேற்கோள்கள். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அங்கே மட்டும் இருந்த ஒரு சுவடியை அதற்கு முன் யாராவது ஒருவர் தன் கட்டுரையின் அடிக்குறிப்பில் முறையாகக் குறித்து, நான்கு வரியும் எடுத்தெழுதியிருந்தால், இன்று அந்தச் சுவடியில் மிச்சம் அவ்வளவுதான். சான்றுக்குறிப்பு எழுதும்போது, நாம் காட்டும் நூல் என்றும் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். நம் நூல்களின் வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை.

இனி, தமிழ் ஆய்வாளர் ஒவ்வொருவரும் படும் பாட்டுக்கு வருகிறேன்: பெயர். மேலைப் பாணிகளில் பல குடும்பப் பெயரை முன்னால் கொண்டுவந்து, சொந்தப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கச் சொல்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மீனாட்சி என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம், தந்தை பெயர் சண்முகம். ஊரில் அவர் ச. மீனாட்சி. கடவுச்சீட்டிலும் பல்கலைக்கழகப் படிவத்திலும் மீனாட்சி சண்முகம். ஆய்விதழ் அவரைச் ‘சண்முகம், மீ.’ என்று போடும். கட்டுரைக்குள்ளே ‘சண்முகம் இங்கே வாதிடுவது போல’ என்று எழுதுவார்கள். நெல் வயலில் வேலை செய்து மகளைப் படிக்கவைத்த சண்முகம் எதையும் வாதிடவில்லை, வாதிட்டது மீனாட்சி. திருமணத்துக்குப் பின் ஆவணங்களில் கணவர் பெயர் ஏறினால் அவர் மூன்றாவது ஆளாகிவிடுவார். அவருடைய ஆய்வுகள் மூன்று பேருடையவையாகச் சிதறிக் கிடக்கும். சான்று காட்டப்பட்ட எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வும் ஆய்வு நிதியும் கணக்கிடப்படும் காலத்தில் இது வெறும் மனக்குறையோடு நிற்பதில்லை. ஆய்வாளருக்கு 16 இலக்க அடையாள எண் தரும் ஆர்கிட் அமைப்பு 2012-இல் வந்ததற்கு இப்படிப்பட்ட பெயர்க் குழப்பங்களே காரணம். எண் கணினிக்குப் போதும். பட்டியலைப் படிக்கும் மனிதருக்கு மீனாட்சி என்ற பெயர் கண்ணில் படவேண்டும் என்பது என் ஆசை.

இதற்கு மாறாக, ராமன், ராமானுஜன், சந்திரசேகர் ஆகிய மூவரின் சொந்தப் பெயர்களும் அறிவியலில் நிலைத்தன. தந்தை பெயரை முன்னாலும் தன் பெயரைப் பின்னாலும் வைத்து எழுதியதால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்ட மேலை வழக்கம் தற்செயலாக அவர்களுடைய பெயரையே பிடித்துக்கொண்டது. இன்றைய படிவங்களின்படி சுப்பிரமணியனின் மகன் சந்திரசேகர் தன் தந்தை பெயரைப் பின்னால் போட்டிருந்தால், வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு உள்ள எல்லையைச் சுப்பிரமணியன் வரம்பு என்று படித்துக்கொண்டிருப்போம்.

சாதிப் பட்டம் உள்ள பெயர்களில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. மென்பொருளுக்குக் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர். ஆகவே வையாபுரிப் பிள்ளை ‘பிள்ளை, எஸ். வி.’ ஆகிறார். சி.வை. தாமோதரம் பிள்ளை, மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை, தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்த வ.உ. சிதம்பரம் பிள்ளை ஆகிய எல்லாரும் அதே பிள்ளையின் கீழ் வரிசையாக வந்து உட்காருகிறார்கள். சாமிநாதையர் ‘ஐயர்’ ஆகிறார். பதிப்பு வரலாறு பற்றிய கட்டுரை ஒன்றில் இப்படிப் பெயர்கள் அழிந்து பட்டங்கள் மட்டும் நின்ற பட்டியலைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விடும்படி தீர்மானம் போட்டது. அமெரிக்க உளவியலாளர்களின் ஏழு பக்கக் கட்டுரை அச்சான அதே வருடம். தமிழ்நாட்டில் மூன்று தலைமுறை முயன்று கழற்றிய ஒன்றை, ஒரு படிவத்தின் வசதிக்காக ஆசிரியரின் முதன்மை அடையாளமாக நாமே மாட்டிவிடக் கூடாது. ‘வையாபுரிப் பிள்ளை, எஸ்.’ என்று அவருடைய சொந்தப் பெயரில் தொடங்கி எழுதலாம். அகரவரிசையில் அவர் வகரத்தில் வரட்டும். ஆசிரியர் தன் பெயரை எழுதும் விதத்துக்கு மதிப்புக் கொடுங்கள் என்று பாணிக் கையேடுகளும் பொதுவாகச் சொல்கின்றன. பதிப்பாசிரியருக்கு ஒரு வரி விளக்கம் எழுதினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். எழுதுபவர் கேட்பதில்லை, அதுதான் குறை.

பெயருக்கு அடுத்து ஊர். பதிப்பகம் இருக்கும் ஊரை எழுதவேண்டாம் என்று ஏபிஏ 2019-இல் முடிவு செய்தது. சிகாகோவும் 2024-இல் வந்த 18-ஆம் பதிப்பில், 1900-க்குப் பிந்தைய நூல்களுக்கு ஊர் கட்டாயமில்லை என்று தளர்த்திவிட்டது. பதிப்பகங்கள் பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் உலகில் அவர்களுக்கு அது பொருந்தும். தமிழ் நூலுக்கு ஊர் ஒரு சான்று. ஆறுமுக நாவலர் 1849-இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய வித்தியாநுபாலன யந்திரசாலை பின்னர் சென்னையிலும் இயங்கியது. அச்சகத்தின் பெயரை மட்டும் எழுதினால் கடலின் எந்தக் கரையில் அச்சான பிரதி என்று தெரியாது. கும்பகோணமா, காரைக்குடியா, புதுச்சேரியா, கொழும்பா என்று அறிவதில் அந்த நூல் யார் செலவில், யாருக்காக, எந்த அரசின் கண் முன்னால் வந்தது என்பதற்கான முதல் தடயம் இருக்கிறது. பாணி கேட்காவிட்டாலும் ஊரை எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஊருக்கு அடுத்து, சான்று உண்மையா என்ற சோதனை. 2023-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, செயற்கை நுண்ணறிவுச் செயலி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்புகளுக்கு வழக்கின் பெயர், தொகுதி, நீதிமன்றம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஆய்வுக் கட்டுரைகளிலும் இத்தகைய சான்றுகள் வரத் தொடங்கிவிட்டன. நிஜமான ஆசிரியர் பெயர், நிஜமான இதழ், நம்பத் தகுந்த தலைப்பு இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. ஆகவே இதழ்கள் பட்டியலைக் கணினியால் சோதிக்கின்றன. ஒவ்வொரு சான்றுக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணைக் கேட்கின்றன. 2000-ஆம் ஆண்டில் புழக்கத்துக்கு வந்த அந்த எண், தமிழ் நூல்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய எழுத்து இதழுக்கு எண் யார் கொடுப்பார்கள்? உண்மையான தமிழ்ச் சான்றும் இல்லாத ஒன்றும் சோதனைப் பட்டியலில் ஒரே மாதிரி ‘கிடைக்கவில்லை’ என்று வருகின்றன. ஆங்கிலத்தில் மட்டும் சான்று காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள இளம் ஆய்வாளர்களைத் தள்ளுவது இதுதான். அந்த வழியில் போகவேண்டாம். தலைப்பை ஒலிபெயர்ப்போடு தமிழ் எழுத்திலும் கொடுக்கலாம். பிரதியை எங்கே பார்த்தோம் என்று சொல்லலாம்: சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமா, மறைமலை அடிகள் நூலகமா, இணையத்தில் ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் திட்டமா என்று. கணினி கண்டுபிடிக்காததை, தேடி வருகிற ஆள் கண்டுபிடிப்பார்.

கடைசியாக ஆண்டு. புதுமைப்பித்தன் 1948-இல் இறந்தார். அவருடைய கதைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி காலவரிசையில் பதிப்பித்தது 2000-இல். ‘புதுமைப்பித்தன் 2000’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால், மணிக்கொடிக் காலத்தில் எழுதப்பட்ட கதை அறுபது வருடம் தள்ளிப்போகிறது. முதல் வெளியீட்டு ஆண்டையும் பதிப்பு ஆண்டையும் சேர்த்து எழுத முக்கியப் பாணிகளில் வழி உண்டு. அந்த முதல் ஆண்டைக் கண்டுபிடிக்கத்தான் வேங்கடாசலபதி பழைய இதழ்களைப் புரட்டினார், பாரதி படைப்புகளுக்குச் சீனி. விசுவநாதன் தன் வாழ்நாளைக் கொடுத்தார். அவர்கள் தேடித் தந்த நான்கு இலக்கத்தை எழுத நமக்குக் கால் நிமிடம் போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் ஆங்கில ஆண்டே இல்லாமல் தமிழ் வருடம் மட்டும் முகப்பில் இருப்பதுண்டு. நந்தன வருடம் என்று இருந்தால், அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1832, 1892 ஆகிய இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். தாளும் அச்செழுத்தும் அச்சகத்தின் பெயரும் சேர்ந்துதான் எது என்று முடிவு செய்யவேண்டும். செய்த பிறகும், சித்திரையில் தொடங்கும் வருடம் என்பதால் தை மாதம் வந்த நூல் 1893-க்குப் போய்விடும். ‘நந்தன [1892–93]’ என்று எழுதுங்கள் என்கிறேன். ஆய்விதழின் படிவத்தில் ஆண்டுக்கான கட்டம் நான்கு இலக்கத்துக்கு மேல் ஏற்காது என்றால், நந்தன என்பதைத் தலைப்புக்குப் பக்கத்திலாவது போட்டுவிட வேண்டும். நாம் கணக்கிட்டு எழுதிய 1892 தவறாக இருந்தால், அடுத்து வருபவர் திருத்திக்கொள்ள முகப்பில் அச்சாகியிருந்த அந்தப் பெயர் அவருக்கு வேண்டும்.